எரிந்த நாளின் பாடு

17-1-1979, புதன்

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. லத்தீப் பாயின் காருக்கு மூன்று கியர் என்று எழுதியிருந்தேன். இரண்டுதான். பின்னால் போவதற்கான கியரையும் சேர்த்து எண்ணிவிட்டேன். பொன்னேரி மாலை வகுப்பில் இரண்டாம் ஆண்டு மோட்டார் வேலை படிக்கிறவன் செய்யக்கூடிய தவறு அல்ல இது. நல்லவேளை, யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபால் ஒரு வாரம் சிரித்திருப்பான்.

காரைப் பற்றிச் சரியாக எழுதிவிடுகிறேன். வெளிநாட்டுக் கார். ஊருக்குத் திரும்பிய யாரோ ஒரு வெளிநாட்டு அதிகாரி சென்னையில் விற்றுவிட்டுப் போனது. ஏறக்குறைய ஒரு படகு நீளம் இருக்கிறது. அதில் கிளட்ச் மிதி கிடையாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் போதும், வேகம் ஏறியதும் கியர் பாக்ஸ் தானே இரண்டாவதுக்கு மாறிக்கொள்ளும். அப்துல் லத்தீப் பாய் அதை வாங்கியதற்குக் காரணமே அதுதான். வாலிபத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து அவருக்கு இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாத மனிதருக்கு அடுத்த மாதம் சோழவரத்தில் பந்தயம் ஓட வேண்டுமென்று ஆசை. சென்னைப் பட்டறைகளில், இந்த கியர் பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாதாரண கியர் பாக்ஸ் மாட்டுங்கள் என்றார்களாம். அவர் நேராகப் பழவேற்காட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய இறால் லாரிகளைப் பார்க்கிறவர்கள் குப்பனும் கோபாலும்தான்.

நான் குப்பன் வீட்டுப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கிறேன். ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சாப்பாடும் அவர்கள் வீட்டில்தான். குப்பனுக்கு நாற்பது வயதிருக்கும். கோபால் அவருடைய மனைவி கோவிந்தம்மாவின் தம்பி, ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்து பத்து வருஷமாக அக்காள் வீட்டில் இருக்கிறான். வீட்டை ஒட்டிய ஓலைக் கொட்டகையில் இருவரும் படகு எஞ்சின்களும் லாரிகளும் பார்க்கிறார்கள். கூட்டுத் தொழில். நேற்றுவரை ஒரே ஸ்பானரை இருவரும் கைமாற்றிக்கொள்வதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நேற்று மாலை லத்தீப் பாய் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ராயபுரத்துல ஒர்க்‌ஷாப் போடறேன். தலைமைக்கு ஒரு ஆளு வேணும், ஒரு ஆளு போதும். குடியிருக்க ஊடு நான் தரேன். இந்த வண்டிய எவன் நேரா வெக்கிறானோ அவன் வரட்டும்."

இன்று காலை நான் பல் தேய்க்க வந்தபோது குப்பனின் இரண்டு கால்கள் மட்டும் காருக்கு வெளியே தெரிந்தன. வாடைக்காற்று உப்பு ஈரத்தோடு அடித்துக்கொண்டிருந்தது. கோபால் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"இன்னா மாமா, விடியறதுக்குள்ள வண்டிக்கு அடியில குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிட்டே?"

"என் ஊட்டு வாசல்ல நிக்கிற வண்டி. அடியில பூருவேன், மேல ஏறிப் படுப்பேன். உனக்கு இன்னா?"

"பாய் என்னையும் சேத்துத்தான் சொன்னாரு."

"சொன்னாரு. நீ எஞ்சினாண்ட காதை வச்சிகினு பூனை மாதிரி கேக்கறியே, அந்த அழகைப் பாத்துச் சொன்னாரு."

"காது கேக்கறவன் கேக்கறான். கேக்காதவன் அடியில பூந்து தேடறான்."

குப்பன் வெளியே வந்தார். கையில் ஸ்குரூடிரைவர் இருந்தது. கோவிந்தம்மா வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"ரெண்டு பேரும் ஒரே வண்டிக்கு அடியில பூந்தா மண்டைதான் இடிச்சிக்கும். ஏரில இன்னா பண்றீங்க? அந்த மாதிரி பாடு போட்டுக்கோங்க. ஒரு நாள் அவரு, ஒரு நாள் நீ."

"காருக்கு இன்னாடி பாடு?"

"அம்மாம் பெரிய ஏரிக்கே பாடு போட்டு அடிச்சிக்காம கீறீங்க. இத்தனூண்டு டப்பாவுக்கு முடியாதா? ஒருத்தன் நாள்ல இன்னொருத்தன் கை வெக்கக் கூடாது. வாயும் வெக்கக் கூடாது."

பாடு என்பது இங்கே மீன் பிடிக்கும் முறை. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. ஆகவே குப்பத்தில் உரிமை உள்ள குடும்பங்களுக்கு முறை வைத்து நாள் ஒதுக்குகிறார்கள். தன் பாடு வரும் நாளில் அந்த இடம் ஒருவனுக்கே சொந்தம். பட்டதும் அவனுடையது, கிழிந்த வலையும் அவனுடையது. என்ன செய்தாய், எங்கே கழி ஊன்றினாய் என்று மற்றவன் கேட்பது மரியாதை இல்லை. குப்பனுக்கு அவருடைய நைனா வழியாக வந்த பாடு இருக்கிறது. கோபால் வெளியூர்க்காரன். அவனுக்கு இந்த ஏரியில் ஒரு நாளும் கிடையாது. பிறர் பாட்டு நாளில் கூலிக்குக் கயிறு இழுக்கப் போவான்.

கோவிந்தம்மா சொன்னதைக் கேட்டதும் கோபால் போர்வையை எடுத்துத் திண்டாகச் சுருட்டினான், பிறகு விரித்தான், மறுபடியும் சுருட்டினான்.

"எனக்கும் பாடு உண்டுன்னா சரி," என்றான்.

"இன்னிக்கு என்னோடது," என்றார் குப்பன், மறுபடி அடியில் புகுந்துகொண்டே.

20-1-1979, சனி

இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்பதை முறையாக எழுதிவைக்க முயல்கிறேன். எனக்குப் புரிந்தது சரிதானா என்று தெரியவில்லை.

இந்த கியர் பாக்ஸில் வெளியிலிருந்து திருத்தக்கூடியவை இரண்டு. ஒன்று, பின்பக்கம் உள்ள தகர டப்பி. எஞ்சின் காற்றை உறிஞ்சும் அளவைக்கொண்டு அது வேலை செய்கிறது. அதன் வாயில் ஒரு சிறு ஸ்க்ரூ. உள்ளே திருகினால் கியர் பெட்டிக்குள் எண்ணெயின் அழுத்தம் கூடி கியர் வெடுக்கென்று பிடிக்கும். வெளியே திருகினால் மெதுவாகப் பிடிக்கும். மற்றது, கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் ராடு. காலை அழுத்த அழுத்த அது பெட்டிக்குச் சேதி சொல்கிறது. ராடை நீட்டினால் இரண்டாவது கியர் தாமதமாக வரும், பிடியும் கொஞ்சம் இறுகும். பந்தயத்துக்குத் தாமதமாக வருவதுதான் வேண்டும். எஞ்சின் தன் முழு பலத்தையும் முதல் கியரில் காட்டிவிட்டு மாற வேண்டும்.

காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான்தான் படித்துச் சொல்கிறேன். முதல் நாள் குப்பன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"தானியேலு, அந்த ஸ்க்ரூ பக்கத்தப் படி. மெதுவாப் படி."

படித்தேன். மறுநாள் கோபால் வந்தான். அவனும் கதவைச் சாத்தினான்.

"மாமா வந்தாரா?"

"கேக்கக் கூடாதுல்ல?" என்றேன்.

"ஆமா ஆமா, கேக்கக் கூடாது. ராடு எந்தப் பக்கத்துல கீது, அதப் படி."

முதலில் ராடு, பிறகு ஸ்க்ரூ, பிறகு இரண்டையும் சேர்த்து மறுபடி பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை இருவரிடமும் படித்தேன். இருவரும் தலையாட்டினார்கள். குப்பனுக்குக் கை பழகியது ஸ்க்ரூவில், கோபாலுக்கு ராடில். தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நேற்று குப்பனின் நாள். மாலையில் ஓட்டிவிட்டு வந்து, "மாறும்போது முதுகுல குத்துது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடியில் போனார். இன்று கோபால் ஓட்டிவிட்டு வந்து, "வழுக்குதே, முந்தாநேத்து இப்படி இல்லியே," என்று முனகிக்கொண்டு பானெட்டைத் திறந்தான். முன்தினம் என்ன செய்யப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாடு.

இரவு நண்டுக் குழம்பு. கோவிந்தம்மா பெரிய நண்டைத் தம்பி தட்டில் வைத்தாள். குப்பன் அதைப் பார்த்தார்.

"பெருசா வெக்கிறியா, அவன் தட்டுல?"

"இன்னிக்கு அவன் பாடு. பாடு உள்ளவனுக்குப் பெரிய நண்டு. நேத்து உனக்குத்தானே வச்சேன்?"

"நேத்து நண்டே இல்ல. மடவை மீனு."

"மடவையில பெருசு உனக்குத்தான் வச்சேன். தலைய யாரு தின்னது?"

கோபால் நண்டுக் காலை உடைத்துச் சத்தமாக உறிஞ்சினான். வேண்டுமென்றே செய்ததுபோல் இருந்தது. எனக்கு வைக்கப்பட்டது நடுத்தரமான நண்டு. அது எல்லா நாளும் அப்படித்தான். எனக்குப் பாடு கிடையாது.

23-1-1979, செவ்வாய்

இன்று குப்பனின் நாள். ஆனால் லத்தீப் பாய் சொல்லாமல் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தலையில் தொப்பி, வாயில் பாக்கு. காரைச் சுற்றி ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார்.

"எப்படிக் கீது குப்பா?"

"ஷோக்கா வருது பாய்."

பாய் ஓட்ட, குப்பன் பக்கத்தில், கோபால் பின்னால். எனக்கும் இடம் இருந்தது. நான் கதவைத் தொட்டபோது, "தானியேல், நீ இருப்பா, கனம் வேணாம்," என்றார் பாய். இரண்டு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் நின்றுகொண்டு போய் மோட்டார் படிக்கிறேன். ஓடுகிற ஒரு காரின் முன் இருக்கையில் இதுவரை உட்கார்ந்ததில்லை. அவர்கள் போனபிறகு கொட்டகையில் கிடந்த பழைய பிஸ்டனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். யாராவது பார்த்தால் துடைக்கிறேன் என்று சொல்வதற்குத் துணியும் எடுத்துக்கொண்டேன்.

பொன்னேரிச் சாலையில் மாட்டுவண்டி, சைக்கிள், கூடைக்காரப் பெண்கள். இருவரும் தினமும் ஓட்டிப் பார்ப்பது அங்கேதான். பாதி மிதிக்கு மேல் காலை வைக்க முடியாது. பாயும் அப்படித்தான் ஓட்டியிருப்பார். திரும்பியபோது சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"நேரா வருது. எந்த இடத்துல மாறும்னு இவன் பின்னால உக்காந்துகினு முன்கூட்டியே சொல்றான்பா. 'இப்போ'ங்கறான், மாறுது. காது இல்ல அது, மிஷினு."

கோபால் தலையைக் குனிந்துகொண்டான். குப்பன் தன் நாளில் தன் பக்கத்திலேயே இன்னொருவன் புகழப்படுவதைக் கேட்டுக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றார். பாய் போனதும் கேட்டார்:

"என் பாடுல உன்னை யாரு வாய தெறக்கச் சொன்னது?"

"பாய் கேட்டாரு, சொன்னேன்."

"ஏரில என் நாள்ல என் படகுல ஏறி, மீனு இங்க வருது அங்க வருதுன்னு கத்துவியா?"

"ஏறுவேன், கயிறு இழுக்க. அதுக்குத்தானே என்னைக் கூட்டினு போறே."

குப்பன் துணியை விரித்துக் காருக்கு அடியில் போனார். நெடுநேரம் ஸ்க்ரூ திருகும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் திருகுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

கோவிந்தம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "தம்பி, ராயபுரத்துல தண்ணி எப்படி? உப்பா?"

"குழாய்த் தண்ணி வரும்னு கேள்வி."

"அவரு போனா நான் போவேன். அவன் போனா நான் போவ முடியாது. அவன் போனாலும் எனக்குச் சந்தோசந்தான்." கொஞ்சம் பொறுத்து, "பொய் சொல்றேன்," என்றாள்.

26-1-1979, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து லத்தீப் பாய் வந்தார். முழு வேகம் பார்க்க வேண்டும் என்றார். குடியரசு தினம், சாலையில் வண்டிகள் குறைவு. சவுக்குத் தோப்பை ஒட்டிய நேர்ச்சாலைக்குப் போனோம். முன்னதாகவே என்னையும் குப்பனையும் கோடியில் இறக்கிவிட்டு, மாடு குறுக்கே வந்தால் துணி காட்டச் சொன்னார்கள். இன்று கோபாலின் பாடு, ஆகவே அவன்தான் பாயின் பக்கத்தில்.

தூரத்தில் கார் புறப்பட்டது. முதல் கியரின் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. மாற வேண்டிய இடத்தில் மாறவில்லை. பிறகு சத்தம் மட்டும் திடீரென்று கூச்சலாக எழும்பியது, வண்டியோ வேகம் எடுக்கவில்லை. மணலில் சக்கரம் சுழல்வதைப் போல எஞ்சின் வெறுமனே சுழன்றது. எங்களைக் கடந்து போகும்போது அடியிலிருந்து நீலப் புகை வந்தது. கருகிய எண்ணெயின் நாற்றம் சவுக்குத் தோப்பு முழுக்கப் பரவியது.

அந்த நிமிஷத்தில் எனக்குள் ஏதோ லேசாகியது. இருவரில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை என்கிற எண்ணம். அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. குப்பனின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு என்ன தோன்றியது என்று தெரியவில்லை. துணியை இரண்டாக, நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

பாய் இறங்கி, காலை நீட்டியபடி சாலையோரத்தில் உட்கார்ந்தார். கோபால் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி முகர்ந்தான். கம்பியிலிருந்து சொட்டிய எண்ணெய் கறுப்பாக இருந்தது.

"கியர் பாக்ஸ் உள்ள பிளேட்டு எரிஞ்சிட்டுது பாய்."

"பந்தயம்?"

"முடியாது பாய். பிளேட்டு வரவழைக்கணும்."

பாய் பாக்கைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"பாடு போட்டுத்தான் வேலை பண்றீங்கன்னு குப்பத்துல சொன்னாங்க. இன்னிக்கு யாரு பாடு?"

குப்பன் வாயைத் திறந்தார். அதற்குள் கோபால் சொன்னான்:

"என்னோடது."

"ஏரி நியாயம் எனக்கும் தெரியும். அப்ப நட்டமும் உன்னோடது." குப்பன் பக்கம் திரும்பினார். "மாசம் பொறந்ததும் நீ ராயபுரத்துக்கு வா குப்பா. இந்த வருசம் பந்தயம் எனக்கு இல்லன்னு எழுதிக் கீது, அவ்ளோதான்."

பொன்னேரி பஸ் வந்தது. அவர் கையைக் காட்டி ஏறிக்கொண்டார். நாங்கள் மூவரும் ஒரு ஜோடி மாட்டை வாடகைக்குப் பிடித்து, காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் குழந்தைகள் பின்னால் ஓடிவந்தார்கள். கோபால் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தான். குப்பன் மாட்டின் பக்கம் நடந்தார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்கு வைத்ததும் சாப்பிட உட்கார்ந்தோம். களியும் கெளுத்திக் குழம்பும். கோவிந்தம்மா முதலில் தம்பிக்கு வைத்தாள், பிறகு எனக்கு, கடைசியில் கணவனுக்கு. வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"உன் பாடுல நீ இன்னா பண்ணே?"

"என் நாள்ல நான் பண்ணது என்னோடது."

"அது ஏரில. இது என் ஊடு. அந்த ஸ்க்ரூவ எந்தப் பக்கம் திருவினே?"

குப்பன் களியை உருட்டினார், வாயில் போடவில்லை.

"வெளிய. ஒவ்வொரு தரமும் வெளிய. நான் ஓட்டறப்போல்லாம் குத்துச்சி. கொஞ்சம் வெளிய உட்டா அடங்குச்சி. அடுத்த வாட்டி மறுபடி குத்துது."

கோபால் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"குத்தாம இன்னா பண்ணும்? நான் ஓட்டறப்போல்லாம் வழுக்குச்சி. நான் ராட நீட்டிகினே போனேன்."

"எம்மாம்?"

"மரை தீர்ற வரைக்கும்."

குப்பன் கண்ணை மூடினார். எனக்கும் அப்போதுதான் முழுதாக விளங்கியது. இவர் ஸ்க்ரூவைத் தளர்த்தியதை அவன் ராடை நீட்டி ஈடுகட்டியிருக்கிறான், அவன் நீட்டியதற்கு இவர் மறுபடி தளர்த்தியிருக்கிறார். பாதி மிதியில் இரண்டும் சரிக்குச் சரியாக நின்று, வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பாதி மிதியிலேயே ராடு தன் நீளம் முழுவதையும் செலவழித்துவிட்டது. காலை முழுதாக அழுத்தியபோது, மேலும் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. ஸ்க்ரூவும் வெளியே நின்றது. பிடியில்லாமல் பிளேட்டுகள் உரசி எரிந்தன. இரண்டு பக்கங்களையும் படித்துச் சொன்னவன் நான். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்திருக்கலாம்.

"சேந்து உக்காந்து ஒரு வார்த்த பேசியிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றாள் கோவிந்தம்மா. "பாடு போடச் சொன்ன என் வாயில மண்ணு."

"நாளைக்குக் காலைல பாய் ஊட்டுக்குப் போறேன்," என்றார் குப்பன். "ஸ்க்ரூவ வெளிய உட்டது நானுன்னு சொல்லிடறேன். வேலைக்கு மச்சான அனுப்பறேன்."

"சொல்லாதே," என்றான் கோபால்.

"ஏண்டா? உனக்குத்தானே நல்லது?"

"எரிஞ்சது என் பாடுல."

"எரிய வச்சது நான்டா."

"யாரு எரிய வச்சா இன்னா? என் நாள்ல எரிஞ்சிது." கோபால் குரலை உயர்த்தவில்லை. "பத்து வருசமா இந்த ஊர்ல கீறேன் மாமா. உன் பாடுல கயிறு இழுத்தேன், உன் சித்தப்பன் பாடுல கயிறு இழுத்தேன், பேரு தெரியாதவன் பாடுல இழுத்தேன். என் பேரச் சொல்லி ஒரு நாள் இருந்துச்சா? இப்பத்தான் இருந்துச்சி. பட்டா என்னுது, கிழிஞ்சா உன்னுதா? நல்லா கீதே நியாயம். நீ போய் பாய் கிட்டச் சொன்னா, அது உன் நாளாப் பூடும். அதையும் எடுத்துக்கப் பாக்கறியே."

"டேய், வேலை போவுதுடா," என்றாள் அக்காள்.

"போவட்டும். நீங்க ரெண்டு பேரும் ராயபுரம் போங்க. குழாய்த் தண்ணி குடிங்க."

குப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"நாளைக்கு என் பாடு. அத இன்னா பண்றது?"

"அத எனக்கு உடு. என் நாள்ல எரிஞ்சத நான்தான் எறக்கிப் பிரிக்கணும்."

"கூட நானும்..."

"நீ வேணாம்."

"உட்டேன்," என்றார் குப்பன், உருட்டிய களியைத் தட்டிலேயே போட்டுவிட்டு.

கோபால் மிச்சமிருந்த களியை நிதானமாக, குழம்பில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டான். குப்பன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக நண்டுத் தட்டைப் பார்த்த பார்வைதான் அது. ராயபுரத்து வேலையும் வீடும் கையில் வந்த மனிதர், எரிந்துபோன ஒரு கியர் பாக்ஸின் சொந்தக்காரனை அப்படிப் பார்த்தார். கோவிந்தம்மா எழுந்து போய்க் கொட்டகைப் பக்கத்துக் கதவைச் சாத்தினாள். எண்ணெய் நாற்றம் அப்படியும் வந்தது.

நாளை செய்ய வேண்டியது: முதல் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய், வகுப்பு ஆசிரியரிடம் பெரிய ஜாக்கியும் எண்ணெய் பிடிக்க அகலமான தட்டும் இரவல் கேட்டு வாங்கி வர வேண்டும். வந்தபிறகு கோபாலோடு சேர்ந்து பெட்டியை இறக்க வேண்டும், அவன் கூப்பிட்டால்.